ஈலி ரயில் மியூசியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் ஈலி என்று ஒரு சின்ன ஊர். அங்கே ‘நெவாடா நார்தர்ன் ரயில்வே மியூசியம்’ இருக்கிறது. மூன்று முறை போயிருக்கிறேன். மூன்றாவது முறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஊரில் மீட்டர்கேஜ் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போய் வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஈலி எங்கே இருக்கிறது? லாஸ் வேகாஸ் பக்கமா?

பக்கம் என்று சொல்ல முடியாது. லாஸ் வேகாஸிலிருந்து வடக்கே சுமார் 385 கிலோமீட்டர், காரில் 4 மணி நேரம். சால்ட் லேக் சிட்டியிலிருந்து வந்தாலும் ஏறக்குறைய அதே தூரம், அதே நேரம். ரீனோவிலிருந்து இன்னும் அதிகம். மக்கள்தொகை சுமார் 4,000. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,960 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது நம் கோத்தகிரியைவிடக் கொஞ்சம் அதிகம். பாலைவனம் என்றதும் மணலும் வெயிலும் என்று நினைத்து வராதீர்கள். இது மலைகளுக்கு நடுவே கிடக்கும் குளிர்ப் பாலைவனம்.

ஊர் வழியாகப் போகும் யு.எஸ். 50 நெடுஞ்சாலைக்கு ‘அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை’ என்று பட்டப்பெயர் உண்டு. ஒரு பத்திரிகை 1986-இல் கேலியாக வைத்தது. ஊர்க்காரர்கள் அதையே விளம்பரமாக்கிக்கொண்டார்கள்.

இப்படி ஒரு வனாந்தரத்தில் ரயில் எதற்கு?

செம்பு. ஒரே வார்த்தையில் அவ்வளவுதான்.

ஈலிக்கு மேற்கே ரூத் என்ற இடத்தில் செம்புத் தாது ஏராளமாக இருந்தது, ஆனால் தரம் குறைந்த தாது. வண்டி வண்டியாகத் தோண்டினால் கொஞ்சம் செம்பு வரும். அப்படிப்பட்ட தாதுவைக் கழுதை மேலும் மாட்டு வண்டியிலும் ஏற்றி அனுப்பினால் கட்டுப்படியாகாது. அதே சமயம் 1900-களின் தொடக்கத்தில் ஊர் ஊராக மின்சாரம் வந்துகொண்டிருந்தது, கம்பிக்குச் செம்பு வேண்டும். மார்க் ரெக்வா என்ற சுரங்க முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்து, ரயில் வந்தால்தான் காசு என்று முடிவெடுத்தார். 1905-இல் கம்பெனி தொடங்கியது. வடக்கே சதர்ன் பசிபிக் என்ற ரயில்வேயின் பாதையில் கோப்ரே என்ற இடத்திலிருந்து (ஸ்பானிஷ் மொழியில் கோப்ரே என்றாலே செம்புதான்) தெற்கே 225 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போட்டுக்கொண்டு வந்தார்கள். 1906 செப்டம்பர் 29 அன்று ஈலியில் ரெக்வாவே செம்பாலான ஆணி ஒன்றை அடித்துப் பாதையை முடித்துவைத்தார்.

அப்புறம் 1908-இல் மெக்கில் என்ற பக்கத்து ஊரில் உருக்காலை வந்தது. சுரங்கத்திலிருந்து உருக்காலைக்குத் தாது ரயில் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஷிப்ட் ரயில், மெக்கில் பிள்ளைகள் ஈலி உயர்நிலைப் பள்ளிக்கு வர ஒரு பள்ளிக்கூட ரயில். பயணிகள் ரயில் 1941-இல் நின்றுபோனது. தாதுவும் செம்பும் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

ரயில் மியூசியம் எல்லா ஊரிலும் இருக்கிறதே. இதில் என்ன விசேஷம்?

எல்லாரும் கேட்பது இதைத்தான். எனக்குச் சொல்ல இருப்பதும் இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வழக்கமான ரயில் மியூசியத்தில் என்ன செய்வார்கள்? எங்கோ ஓடிய என்ஜினைக் கொண்டுவந்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, புல்தரையில் நாலு அடித் தண்டவாளத்தின் மேல் நிறுத்துவார்கள். எங்கோ தொங்கிய விளக்கைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் அட்டை எழுதி ஒட்டுவார்கள். எல்லாப் பொருளும் பிறந்த வீட்டைவிட்டு வந்த பொருள்.

ஈலியில் எதையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய அவசியமே பெரிதாக இல்லை. ரயில்வே கம்பெனியின் யார்டு முழுசாக அப்படியே மியூசியமாகிவிட்டது. 56 ஏக்கர் பரப்பு. ஸ்டேஷன், சரக்குக் கொட்டகை, என்ஜின் ஷெட், பணிமனை, கொல்லன் பட்டறை, நிலக்கரிக் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, ஆபீஸ் எல்லாம் கட்டிய இடத்திலேயே நிற்கின்றன. என்ஜின் பழுதானால் நூறு வருடத்துக்கு முன்னால் எந்தக் கொட்டகையில் கழற்றினார்களோ அதே கொட்டகையில்தான் இன்றைக்கும் கழற்றுகிறார்கள். 2006-இல் மத்திய அரசு இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

அப்பா ஷெட்டுக்குள் நுழைந்ததும் ஐந்து நிமிஷம் பேசவில்லை. தரையைப் பார்த்தார், கூரையில் படிந்திருந்த கரியைப் பார்த்தார், மூக்கை இழுத்துக்கொண்டார். பிறகு, “இது மியூசியம் இல்லடா, ஷெட்டு. ஆளுங்க சாப்பிடப் போயிருக்காங்க” என்றார். நான் மூன்று பக்கம் எழுதினாலும் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

அதெப்படி எதையும் உடைத்துப் பழைய இரும்புக்குப் போடாமல் விட்டார்கள்?

பாதி அதிர்ஷ்டம், பாதி கஞ்சத்தனம் என்பது என் கணிப்பு.

மற்ற ரயில்வேக்கள் 1950-களில் டீசலுக்கு மாறியபோது நீராவிக்கான கட்டடங்களை இடித்துவிட்டுப் புதிது கட்டின. இங்கேயும் 1952-இல் 401 என்ற எண்ணுள்ள டீசல் என்ஜின் வந்தது. ஆனால் இது ஒரு செம்புக் கம்பெனி தன் தாதுவுக்காக வைத்திருந்த ரயில். அழகுபடுத்த யாருக்கும் அக்கறை இல்லை. நிலத்துக்கும் பெரிய விலை இல்லை. நிற்கிற கட்டடம் நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். நீராவி என்ஜின்களில் பெரும்பாலானவை போய்விட்டன; 40-ஆம் எண் என்ஜின் மட்டும் ஷெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

பின்னால் கென்னகாட் என்ற பெரிய கம்பெனியின் கைக்கு வந்தது. 1978-இல் சுரங்கம் மூடப்பட்டது, 1983-இல் உருக்காலை. அந்த வருடம் ஜூனில் ரயிலும் நின்றது. ஊரே வேலை இழந்த நேரம் அது. அந்த நேரத்திலும் ஊர்க்காரர்கள் கம்பெனியிடம் பேசி, முதலில் ஸ்டேஷனையும் 40-ஆம் எண் என்ஜினையும், பிறகு யார்டையும் தண்டவாளத்தையும் நன்கொடையாக வாங்கினார்கள். இதே யார்டு ஒரு பெரிய நகரத்தின் நடுவில் இருந்திருந்தால் இந்நேரம் அடுக்குமாடிக் குடியிருப்பாகியிருக்கும்.

என்னென்ன என்ஜின்கள் இருக்கின்றன?

நீராவியில் முக்கியமானவை மூன்று.

40: பால்ட்வின் கம்பெனி 1910-இல் கட்டியது. பயணிகள் ரயிலுக்கான என்ஜின். முன்னால் சின்னச் சக்கரம் 4, ஓட்டும் பெரிய சக்கரம் 6. அமெரிக்கர்கள் இதை ‘பத்துச் சக்கரம்’ என்பார்கள். ‘பழைய ஈலியின் பேய் ரயில்’ என்று செல்லப்பெயர். 2009-இல் நெவாடா அரசு இதை மாநில என்ஜினாகவே அறிவித்துவிட்டது. மாநிலப் பறவை, மாநில மலர் மாதிரி மாநில என்ஜின்!

93: ஆல்கோ கம்பெனி கட்டியது, 1909. தாது இழுத்த மாடு இது. ஓட்டும் சக்கரம் 8, சின்னதும் குட்டையுமாக இருக்கும். வேகம் வராது, இழுவை வரும்.

81: பால்ட்வின், 1917. இதுவும் சரக்கு என்ஜின். பல வருடம் வெளியே வெயிலிலும் பனியிலும் காட்சிக்கு நின்றது, பிறகு ஷெட்டுக்குத் திரும்பி, நீண்ட வேலைக்குப் பின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

இவை போக, ‘பி’ என்று பெயரிட்ட பனி வெட்டும் வண்டி ஒன்று உண்டு. முகத்தில் ராட்சத மின்விசிறி மாதிரி ஒரு சக்கரம். உள்ளே இருக்கும் நீராவி அந்தச் சக்கரத்தைச் சுற்ற மட்டும்தான். தானாக நகராது, பின்னாலிருந்து என்ஜின் தள்ள வேண்டும். ‘ஏ’ என்ற நீராவிக் கிரேன், தடம் புரண்ட வண்டியைத் தூக்க. மேலே சொன்ன 401 உட்பட டீசல்களும் இருக்கின்றன. டீசல் என்றால் முகம் சுளிக்கிறவர்களுக்கு: 1949, 1950-இல் கட்டிய ஆல்கோ டீசல்கள் ஸ்டார்ட் ஆகும்போது விடும் கரும்புகையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நான் போகும் நாளில் எல்லா என்ஜினும் ஓடுமா?

ஓடாது. ஏதாவது ஒன்று எப்போதும் கழற்றிப் போட்டுத்தான் கிடக்கும். அதற்கு ஒரு சட்டம் காரணம். அமெரிக்காவில் நீராவி என்ஜின் நெருப்பு மூட்டிய நாள்களைக் கணக்கு வைக்க வேண்டும். 1,472 நாள் ஆனாலும் சரி, 15 வருடம் ஆனாலும் சரி, எது முதலில் வருகிறதோ அப்போது பாய்லரை முழுசாகப் பிரித்து, உள்ளே இருக்கும் குழாய்களையெல்லாம் உருவி, தகட்டின் தடிமனை அளந்து, மறுபடி கட்ட வேண்டும். இது வருடக்கணக்கில் இழுக்கும் வேலை. பணமும் தண்ணீராகச் செலவாகும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 1995-இல் பென்சில்வேனியாவில் ஒரு சுற்றுலா ரயில் என்ஜினில் தண்ணீர் மட்டம் இறங்கியதைக் கவனிக்காமல் விட்டதால், நெருப்புப் பெட்டியின் மேல் தகடு சூடேறிக் கிழிந்து மூன்று பேர் உடல் வெந்து காயமடைந்தார்கள். அதற்குப் பிறகு விதிகளைத் திருத்தி எழுதினார்கள். பாய்லரில் தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்று அப்பாவிடம் கேட்டால் கதை கதையாக வரும். சாப்பாட்டு நேரத்தில் கேட்காதீர்கள்.

ஷெட்டுக்குள் விடுவார்களா, தூரத்திலிருந்துதான் பார்க்க வேண்டுமா?

விடுவார்கள், வழிகாட்டியோடும் போகலாம். வேலை நடக்கிற ஷெட் என்பதால் தரையில் தண்டவாளம், குழி, எண்ணெய், இரும்புத் துண்டு எல்லாம் இருக்கும். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். இன்னொன்று: நிற்கிற வண்டியில் நீலக் கொடியோ நீல விளக்கோ தெரிந்தால், அதற்குக் கீழே ஆள் வேலை செய்கிறார் என்று அர்த்தம். அந்த வண்டியை யாரும் நகர்த்தக் கூடாது. கொடியை வைத்தவர்கள்தான் எடுக்கலாம், மேலதிகாரியே வந்தாலும் தொட முடியாது. அமெரிக்க ரயில்வே விதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது.

என்ஜின் தவிர வேறு என்ன இருக்கிறது? எனக்குச் சின்னச் சின்னப் பொருள்தான் பிடிக்கும்.

அப்படியானால் 1907-இல் கட்டிய கல் ஸ்டேஷனில் தொடங்குங்கள். அது மட்டும் மாநில அரசின் தனி மியூசியம். யார்டை நடத்துவது வேறு அமைப்பு. பார்க்கிறவருக்கு இரண்டும் ஒட்டித்தான் இருக்கின்றன.

பழைய அமெரிக்க ரயில் பொருள்களுக்கு முன்னால் நிற்கும்போது பின்கதை தெரிந்தால்தான் ருசி. இல்லையென்றால் பித்தளைக் கடை மாதிரிதான் தெரியும். எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

பாக்கெட் கடிகாரம். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில். எது எங்கே ஒதுங்க வேண்டும் என்பது அட்டவணையில் இருக்கும். அப்போது பாதையோரம் இன்றைய மாதிரி சிக்னல் கிடையாது. டிரைவர் கையில் இருக்கும் கடிகாரம்தான் சிக்னல். 1891-இல் ஒஹாயோவில் கிப்டன் என்ற இடத்தில், ஒரு கடிகாரம் 4 நிமிஷம் நின்று மறுபடி ஓடியதால் இரண்டு ரயில்கள் மோதிப் பலர் இறந்தார்கள். அதன்பின் வெப் பால் என்ற கடிகாரக்காரர் கொண்டுவந்த ஏற்பாடுகள் பரவின: வாரத்துக்கு 30 வினாடிக்கு மேல் பிசகக் கூடாது, எண்கள் பெரிசாக இருக்க வேண்டும், மூடி இருக்கக் கூடாது. நேரம் திருத்த வேண்டுமானால் கண்ணாடியைக் கழற்றி உள்ளே இருக்கும் நெம்பை இழுக்க வேண்டும். தலையைத் திருகும்போது தவறி முள் நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

தந்திக் கருவி. இதன் சத்தம் கட்-கட் என்று மிக மெல்லியது. அதனால் தந்திக்காரர்கள் காலிப் புகையிலை டப்பா ஒன்றைக் கருவிக்குப் பின்னால் செருகிவிடுவார்கள், சத்தம் எடுத்துக் கொடுக்கும். பழைய ஸ்டேஷன்களின் படங்களில் தந்தி மேசையில் சிவப்பு டப்பா தெரிந்தால் யாரோ மறந்து வைத்த குப்பை என்று நினைக்காதீர்கள்.

வளையம். பிரம்பை வளைத்துச் செய்த பெரிய வளையம், கைப்பிடியோடு. தந்தியில் வந்த உத்தரவை மெல்லிய காகிதத்தில் கார்பன் வைத்து எழுதி, வளையத்தில் செருகி, ஓடும் ரயிலுக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடிப்பார் ஸ்டேஷன் ஆள். டிரைவர் கையை விட்டு வளையத்தை மாட்டிக்கொண்டு, காகிதத்தை உருவிவிட்டு வளையத்தைக் கீழே எறிந்துவிடுவார். ஸ்டேஷன் ஆள் அதைத் தேடிக்கொண்டு தண்டவாளத்தோரம் நடக்க வேண்டும். உத்தரவில் இரண்டு வகை: 19-ஆம் படிவம் என்றால் இப்படி ஓடும்போதே வாங்கலாம், 31 என்றால் ரயிலை நிறுத்தி, இறங்கி, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். நம் ஊரில் டோக்கன் வளையம் மாற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். வித்தியாசம், அங்கே பந்து, இங்கே காகிதம்.

கை விளக்கு. சிவப்பு, பச்சை, வெள்ளை, நீலக் கண்ணாடிகள். ஒரு காலத்தில் வெள்ளை என்றால் ‘போகலாம்’, பச்சை என்றால் ‘கவனம்’. சிக்கல் என்னவென்றால், சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் விளக்கு வெள்ளையாகத் தெரியும். நில் என்று சொல்ல வேண்டியது போ என்று சொல்லிவிடும். அதனால்தான் பச்சையைப் ‘போகலாம்’ ஆக்கி, ‘கவன’த்துக்கு மஞ்சளைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு நாம் தெருமுனையில் பச்சைக்குக் காத்திருப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

தண்டவாள வெடி. நம் ரயில்காரர்கள் பனி மூட்டத்தில் தண்டவாளத்தில் கட்டும் டெட்டனேட்டர்தான். இங்கே ‘டார்பிடோ’ என்கிறார்கள். சக்கரம் ஏறினால் வெடிக்கும், டிரைவர் உஷாராவார்.

சாவியும் பூட்டும். தண்டவாளம் பிரியும் இடத்து நெம்புகோலுக்குப் போடும் பித்தளைப் பூட்டு. ஒவ்வொரு ரயில்வேக்கும் அதன் எழுத்து பொறித்த சாவி. பல குடும்பங்களில் தாத்தா வைத்துவிட்டுப் போன ஒரே ரயில் ஞாபகம் இந்தச் சாவியாகத்தான் இருக்கும். ஓய்வு பெறும்போது திருப்பித் தர ‘மறந்து’விடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஸ்பானர் இருக்கிறது, இதற்குமேல் எழுதினால் அப்பா கோபிப்பார்.

பழைய காகிதங்களும் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன. எனக்கு மியூசியத்தில் ஆகப் பெரிய சொத்து அதுதான் என்று தோன்றுகிறது. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து கடிதம், சம்பளப் பட்டியல், ரயில் ஓடிய பதிவேடு என்று ஆபீஸ் காகிதங்கள் அலமாரியோடு மிஞ்சியிருக்கின்றன. ரயில்வேக்கள் ஒன்றோடொன்று இணையும்போது முதலில் குப்பைக்குப் போவது காகிதம்தான். இங்கே கேட்க ஆளில்லாததால் பிழைத்தது. என்ஜினுக்கு ஒரு பாகம் செய்ய வேண்டுமானால் அந்தக் கால வரைபடத்தையே எடுத்துப் பார்க்க முடிகிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்கர்கள் பேசும் ரயில் வார்த்தைகள் புரியவில்லை. கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்.

நமக்குப் பழக்கம் ஆங்கிலேயர் விட்டுப்போன வார்த்தைகள். இங்கே வேறு. ரயில்வே என்பதை ரயில்ரோடு என்பார்கள் (ஈலிக்காரர்கள் பெயரில் மட்டும் ரயில்வே என்றே வைத்திருக்கிறார்கள்). டிரைவரை இன்ஜினியர் என்பார்கள். அப்பாவிடம் ஒருவர் “நான்தான் இன்ஜினியர்” என்று கரிக்கையை நீட்டியபோது, அதிகாரி என்று நினைத்து அவர் கொஞ்சம் விறைப்பாக நின்றுவிட்டார். கார்டுக்கு இங்கே கண்டக்டர். கார்டு வண்டிக்குக் ‘கபூஸ்’. ஸ்லீப்பர் கட்டைக்கு ‘டை’. பாயின்டுக்கு (தண்டவாளம் பிரியும் இடம்) ‘ஸ்விட்ச்’. ஸ்டேஷன் கட்டடத்தை ‘டீப்போ’ என்பார்கள், நம் பஸ் டிப்போ இல்லை. என்ஜினில் நெருப்பு வளர்க்கும் பயர்மேன் மட்டும் இரண்டு ஊரிலும் பயர்மேன்தான்.

ரயிலில் ஏறிப் போகலாமா?

அதற்குத்தானே போவது! முக்கியமான சவாரி ரூத் பக்கம் கீஸ்டோன் வரை மலை ஏறி இறங்குவது. போக வர சுமார் 22 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். மலையைக் குடைந்த ஒரு குகைப்பாதையும் நிறைய வளைவும் உண்டு. ஏற்றத்தில் என்ஜின் மூச்சு வாங்கும் சத்தத்துக்காக முன் பெட்டியில் இடம் பிடியுங்கள். பயர்மேன் நிலக்கரியைக் கையால்தான் அள்ளிப் போடுகிறார். ரோடு குறுக்கே வரும் இடங்களில் விசில் கேளுங்கள்: நீளம், நீளம், குட்டை, நீளம்.

கோடையில் சில மாலைகளில் ‘நட்சத்திர ரயில்’ ஓடும். பக்கத்திலிருக்கும் கிரேட் பேசின் தேசியப் பூங்காவின் வனக்காவலர்கள் கூடவே வந்து, இருட்டான இடத்தில் இறக்கித் தொலைநோக்கியில் வானம் காட்டுவார்கள். டிக்கெட் சட்டென்று தீர்ந்துவிடும். மற்ற ரயில்களுக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் முன்பதிவு செய்துவிட்டுத்தான் காரை எடுங்கள். 4 மணி நேரம் ஓட்டி வந்து பூட்டிய கதவைப் பார்ப்பது கொடுமை. முதல் தடவை எனக்கு அதுதான் நடந்தது, தப்பு என் மேல்.

என்ஜினை நாமே ஓட்டலாம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். பணம் கட்டி, அவர்கள் தரும் விதிப் புத்தகத்தைப் படித்து, தேர்வு எழுதி, பக்கத்தில் அவர்களுடைய டிரைவர் நிற்க, நீங்கள் நிஜ நீராவி என்ஜினை ஓட்டலாம். விலை குறைவில்லை. நான் அப்பாவுக்கு எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். “ஃபிட்டர் எதுக்குடா வண்டி ஓட்டணும்? நான் ரிப்பேர் பண்றவன்” என்று மறுத்துவிட்டார். ஆனால் பணிமனையில் லேத் பக்கத்தில் நின்ற ஆளிடம், பாதி சைகையிலும் பாதி ஆங்கிலத்திலுமாக முக்கால் மணி நேரம் பேசினார். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு “பேரிங் மெட்டல்” என்று மட்டும் பதில்.

இதில் உழைத்தவர்களைப் பற்றி ஏதாவது இருக்கிறதா, எல்லாம் கம்பெனிப் புகழ்தானா?

நல்ல கேள்வி. மெக்கில் கம்பெனி கட்டிய ஊர். கிரேக்கர்கள், ஸ்லாவியர்கள், ஜப்பானியர்கள் என்று உலகத்தின் பல மூலையிலிருந்து ஆள் வந்தார்கள். அவரவருக்குத் தனித்தனிக் குடியிருப்பு, மேலாளர்களுக்கு வேறு தெரு. 1912 அக்டோபரில் நடந்த வேலைநிறுத்தத்தில் கிரேக்கத் தொழிலாளர்கள் இருவர் சுடப்பட்டு இறந்தார்கள். மின்னும் பித்தளை மணியைப் பார்க்கும்போது இதெல்லாம் மனதில் வராது. சம்பளப் பட்டியலில் பெயர்களைப் படித்துப் பாருங்கள், வரும்.

பூனை இருக்குமாமே?

டர்ட், அதாவது ‘அழுக்கு’. 2008-இல் ஷெட்டிலேயே குட்டியாகக் கிடைத்த ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த பூனை. என்ஜினுக்கு அடியில் புரண்டு வளர்ந்ததால் வெள்ளை எப்போதும் சாம்பல் நிறம்தான். ரயிலைவிடப் பூனையைப் பார்க்க வந்த கூட்டம் அதிகம் என்று சொன்னால் மிகையில்லை. 2023-இல் இறந்துபோனது. நான் இரண்டாவது முறை போனபோது 93-க்கு அடியில் படுத்திருந்தது. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரவு தங்க இடம்?

மியூசியத்திலேயே கபூஸ் வண்டியில் தங்கலாம். பழைய தொழிலாளர் விடுதியிலும் அறை தருகிறார்கள். சொகுசு எதிர்பார்க்கக் கூடாது, ஆனால் விடியற்காலையில் என்ஜினுக்கு நெருப்புப் போடும் வாசனையில் கண் விழிப்பதற்கு எந்த நட்சத்திர ஓட்டலும் ஈடாகாது. ஊருக்குள் சாதாரண மோட்டல்கள் நிறைய. 1929-இல் திறந்த ஆறு மாடி ஓட்டல் நெவாடா இன்னும் நடக்கிறது. ஒரு காலத்தில் மாநிலத்திலேயே உயரமான கட்டடமாம் அது.

பழைய ரயில் பொருள் வாங்கிச் சேர்க்க ஆசை. ஏமாறாமல் இருக்க என்ன வழி?

மியூசியக் கடையில் விற்பது பெரும்பாலும் தொப்பி, குவளை, புத்தகம். அசல் பழம்பொருள் வேண்டுமானால் வெளியேதான் வாங்க வேண்டும், அங்கே போலி அதிகம். நான் கையைச் சுட்டுக்கொண்டு கற்றது: அசல் பூட்டில் பொறித்த எழுத்து கூர்மையாக இருக்கும், அசலை அச்செடுத்து வார்த்த போலியில் எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும். அசல் சாவி இருபது வருடம் சட்டைப்பையில் உரசியது, அதனால் தேய்மானம் எல்லாப் பக்கமும் வழவழப்பாக இருக்கும். போலியில் அரம் போட்ட கீறல் தெரியும். விளக்கில் சட்டத்திலும் கண்ணாடியிலும் இருக்கும் ரயில்வே எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கண்ணாடி மாற்றியதாக இருந்தால் விலை பாதிதான். பழைய தண்டவாள வெடி மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள், அது வெடிமருந்து.

தண்டவாளத்தோரம் கிடக்கும் ஆணியை எடுத்துப் பைக்குள் போடுவதும் வேண்டாம். ஆளில்லாத இடம் போலத் தெரியும், ஆனால் அது இன்னொருவர் சொத்து.

எந்த மாதம் போவது நல்லது?

குடும்பத்தோடு என்றால் மே முதல் செப்டம்பர் வரை. கேமராக்காரர் என்றால் பிப்ரவரி. அப்போது படம் எடுப்பவர்களுக்கென்றே தனியாக ரயில் ஓட்டுகிறார்கள்; கடுங்குளிரில் நீராவி வெள்ளை மலை மாதிரி எழும்பும். விரல் விறைத்துப்போய் ஷட்டரை அழுத்த முடியாது, அது வேறு விஷயம்.

பக்கத்தில் பார்க்க வேறு என்ன?

கிரேட் பேசின் தேசியப் பூங்கா, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தெற்கே வார்டு என்ற இடத்தில் 1870-களில் கட்டிய ஆறு கரி சூளைகள், தேன்கூடு வடிவத்தில், 30 அடி உயரம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? பெட்ரோல்?

பீட்சா கிடைக்கும், மெக்சிகன் கடையில் பீன்ஸ் கிடைக்கும். அம்மா புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக் கொடுத்தார், அதுதான் காப்பாற்றியது. பெட்ரோலை எங்கே பார்த்தாலும் நிரப்புங்கள். ஈலியிலிருந்து டோனோபா என்ற ஊருக்குப் போகும் சாலையில் சுமார் 270 கிலோமீட்டருக்கு ஒரு பங்க் கிடையாது. போன் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. தண்ணீர் இரண்டு கேன் கூடுதலாக வையுங்கள்.

என்ன உடை போட்டுக்கொண்டு போகலாம்?

வெள்ளைச் சட்டை வேண்டாம். திறந்த பெட்டியில் உட்கார்ந்தால் கரித்தூள் தலை, காது, காபிக் கோப்பை எல்லாவற்றிலும் விழும். அப்பா எச்சரித்தும் கேட்காமல் நான் போட்டுப் போன சட்டை, மூன்று முறை துவைத்தும் இன்னும் சாம்பல் நிறமாகத்தான் இருக்கிறது.